பெப்டைட்டுக்கும் பதிவு வேண்டும்

முகம் வெளுக்க, உடல் மெலிய, மூட்டுவலி தீர, முதுமை தள்ளிப்போக என எல்லாவற்றுக்கும் இன்று ஒரே பெயர் சொல்லப்படுகிறது: பெப்டைட்டு. கைத்தொலைபேசி விளம்பரங்கள் வளர்த்துவிட்ட இந்த மோகத்தை முற்றாக நம்புவதும் தவறு, முற்றாக ஒதுக்குவதும் தவறு. எந்தப் பெப்டைட்டும் மருந்தாவது, அது தேறிவந்த பரிசோதனைகளால்தான்.

அமினோ அமிலங்கள் மாலைபோலக் கோக்கப்பட்ட சிறு தொடரே பெப்டைட்டு. அந்தத் தொடர் நீண்டு மடிந்தால் புரதம். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒக்ஸிடோசினில் 9 அமினோ அமிலங்கள் உண்டு; இன்சுலினில் 51. 1922இல் டொரொன்டோவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்ட இன்சுலின், இன்று சீனி வருத்தக்காரர் பலரின் உயிர்க்காப்பு. அதை விழுங்கினால் வயிறும் குடலும் உணவைப் போலச் செரித்துவிடும். பெப்டைட்டு மருந்துகளில் பெரும்பாலானவை ஊசியாக வருவது இதனால்தான். கொலாஜன் தூளைக் குடித்தால் அது அப்படியே முகத்தோலில் போய்ச் சேரும் என்று நம்புவோருக்கும் இதுவே பதில்.

எடை குறைக்கும் ஊசியாகப் பெயர்பெற்ற செமாக்ளுட்டைட்டைப் பாருங்கள். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற பெப்டைட்டு சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் அமைப்பைச் சற்றே மாற்றி, வாரம் ஒரு ஊசி போதுமென்ற அளவுக்கு நிலைக்கச் செய்தார்கள். 2021இல் வெளியான ஆய்வில் 1,961 பேர் 68 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 2.4 சதவீதமே. குமட்டல், வாந்தி முதலிய பக்கவிளைவுகளும் பதிவாயின. நன்மையையும் தீமையையும் எண்ணிச் சொல்லும் இத்தகைய ஆய்வுதான் நம்பிக்கைக்கு அடிப்படை.

காயத்தை விரைவில் ஆற்றுமெனப் புகழப்படும் பி.பி.சி.-157க்கு அந்த அடிப்படை இல்லை. அதுபற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் விலங்குகளில் நடந்தவை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 2022இல் அதைத் தடைசெய்தது. தோலை வெளுப்பாக்கவென ஏற்றப்படும் குளூட்டாதயோனும் மூன்று அமினோ அமிலங்களாலான பெப்டைட்டுத்தான். இந்த ஊசி பாதுகாப்பற்றதென்று பிலிப்பைன்ஸ் 2011இலேயே எச்சரித்தது. நமது நிறத்தை நோயாக்கி விற்கும் வியாபாரத்துக்கு விஞ்ஞானத்தின் பெயரை இரவல் கொடுக்கக் கூடாது.

மருந்துக்குச் சான்று கேட்கும் உரிமை கண்டிக்குக் கூடுதலாகவே உண்டு. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, பேராதனையில் மருந்தியல் பேராசிரியராக விளங்கியவர் சேனக பிபிலே. எந்த மருந்து தேவை, அதற்கு என்ன சான்று, ஏழைக்கு அது கிடைக்குமா என்ற கேள்விகளை நாட்டின் கொள்கையாக்கியவர் அவர். 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அவரது சிந்தனையின் விளைவு. அவர் மறைந்த 1977இல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை அமைத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அவ்வழி வந்ததே.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது? 2023இல் அரச வைத்தியசாலைகளுக்குப் போலி இம்யூனோகுளோபுலின் வழங்கப்பட்ட விவகாரம் வெடித்தது. அப்போது சுகாதார அமைச்சராயிருந்த கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் கெஹெலிய ரம்புக்வெல்ல, அது தொடர்பில் 2024 பெப்ரவரியில் கைதானார். கேள்விப்பத்திரமும் கண்காணிப்பும் உள்ள அரச வழியிலேயே போலி புகுமென்றால், இணையத்தில் வாங்கி அழகு நிலையத்தில் ஏற்றும் குப்பிக்கு யார் பொறுப்பு? 2024 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனம் போலி செமாக்ளுட்டைட்டு பற்றியும் எச்சரித்தது.

அதே ஸ்தாபனம் 2025இல் செமாக்ளுட்டைட்டை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சீனி வருத்தத்தோடு இதயநோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்காக. மலையகத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி கண்டி தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்கு வரும் நோயாளிக்கும் அது என்றாவது கிடைக்க வேண்டும். அதற்கான விலைப் பேச்சை அரசு இப்போதே தொடங்கட்டும். மறுபக்கம், உணவு மருந்துப் பரிசோதகர்கள் அழகு நிலையங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் நுழைந்து குப்பிகளைச் சோதிக்கட்டும். அதிகார சபையில் பதிவில்லாத எந்த ஊசியையும், பதிவுபெற்ற வைத்தியர் எழுதாத எந்த ஊசியையும் நம் உடம்பில் ஏற்ற மறுப்போம்.