தெரியாது என்று சொல்லவும் துணிவு வேண்டும்



விருதுநகரில் ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்து, பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். பக்கத்துப் பலகையில் நான்கைந்து இளைஞர்கள். 2014ஆம் ஆண்டில் காணாமற்போன மலேசிய விமானத்தை மீண்டும் தேடுவதற்கு 2025ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அனுமதி அளித்த செய்தியிலிருந்து அவர்களுடைய பேச்சு தொடங்கியிருந்தது. "விமானம் கடலில் விழவே இல்லை, டியகோ கார்சியா தீவில் அமெரிக்கப் படைத்தளத்தில் இறக்கி மறைத்துவிட்டார்கள்" என்றார் ஒருவர். "இல்லை, மத்திய ஆசியாவின் பாலைவனத்தில் நிற்கிறது" என்றார் அடுத்தவர். "எல்லாம் அந்த விமானி செய்த வேலை, வீட்டிலேயே ஒத்திகை பார்த்தவராம்" என்று முடித்து வைத்தார் மூன்றாமவர்.

அருகில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலையொன்றில் நெடுங்காலம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மெல்லக் கேட்டார்: "தம்பிகளா, அந்த விமானத்தில் உங்களுக்கு வேண்டியவர்கள் யாராவது போனார்களா?"

"இல்லை பெரியத்தா, சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம்."

பெரியவர் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நானும் அவருடன் நடந்தேன். வீடு வரும்வரை அவர் சொன்னதைப் பிறகு கூறுகிறேன். முதலில் அந்த விமானத்தைப் பற்றித் திட்டமாகத் தெரிந்தவற்றைப் பார்த்துவிடுவோம்.

தெரிந்தது இவ்வளவே

2014 மார்ச் 8ஆம் நாள் நள்ளிரவு கடந்து 12.42 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்டது எம்.எச்.370 என்னும் போயிங் 777 விமானம். பயணிகள் 227 பேர், பணியாளர்கள் 12 பேர், ஆக மொத்தம் 239 உயிர்கள். ஐந்து இந்தியர்களும் அவர்களில் இருந்தனர். சென்னையில் வாழ்ந்து மீனவர் நலனுக்காக உழைத்துவந்த ஒரு பெண்மணியும் அந்த ஐவரில் ஒருவர். 1.19 மணிக்கு விமானி அறையிலிருந்து கடைசிக் குரல் வந்தது. இரண்டு நிமிடங்களில் விமானம் கட்டுப்பாட்டு நிலையத்தின் திரையிலிருந்து மறைந்தது. பிறகு அது மேற்கே திரும்பி மலேசியத் தீபகற்பத்தைக் கடந்ததை இராணுவ ராடார் பதிவு செய்திருந்தது. 2.22 மணிக்கு அந்தத் தடமும் மறைந்தது. அதன் பின்னர் காலை 8.19 மணி வரை ஒரு செயற்கைக்கோளுடன் விமானத்தின் கருவி அவ்வப்போது தொடர்பு கொண்டதற்கான அடையாளங்கள் மட்டும் எஞ்சின.

அந்த அடையாளங்களைக் கணக்கிட்டுத்தான், விமானம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீழ்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். 2015 ஜூலை 29ஆம் நாள் ரீயூனியன் தீவின் கரையில் அவ்விமானத்தின் இறக்கைப் பாகம் ஒன்று ஒதுங்கியது. பின்னர் தான்சானியாவிலும் மொரீஷியசிலும் கிடைத்த பாகங்களும் அதனுடையவையே என்று உறுதியாயின. 1,20,000 சதுர கிலோமீட்டர் கடற்படுகையைச் சல்லடை போட்டும் விமானம் அகப்படாமல், 2017 ஜனவரியில் அந்தத் தேடல் நிறுத்தப்பட்டது. 2018இல் ஒரு தனியார் நிறுவனம் தேடியும் பயனில்லை.

2018 ஜூலை 30ஆம் நாள் வெளியான விசாரணை அறிக்கை என்ன சொல்கிறது? விமானம் திரும்பியது மனிதக் கையால்தான். ஆனால் யாரால், எதற்காக என்று தீர்மானிக்க இயலவில்லை. வேறொருவரின் தலையீடு இருந்திருக்கலாம் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. பல்லாண்டு உழைத்த வல்லுநர்கள் "எங்களால் தீர்மானிக்க முடியவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் நாம் தீர்ப்பெழுதி விடுகிறோம்!

ஊகங்கள் என்னவாயின?

விமானம் மறைந்த முதல் வாரத்தில், திருடப்பட்ட கடவுச்சீட்டுகளில் இருவர் பயணம் செய்தது தெரியவந்தது. உடனே "பயங்கரவாதிகள்" என்று உலகமே கூவியது. அவ்விருவரும் ஈரானிய இளைஞர்கள் என்று தெரிந்ததும் அந்தக் கூச்சல் எந்தத் திசையில் திரும்பியிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் மார்ச் 11ஆம் நாளே, அவர்கள் பயங்கரவாதிகளாகத் தோன்றவில்லை என்று பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் கூறியது. அவர்கள் ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் புறப்பட்டவர்கள்.

விமானி அறையிலிருந்து வந்த கடைசிச் சொற்கள் "ஆல் ரைட், குட் நைட்" என்று முதலில் அறிவிக்கப்பட்டன. அந்தச் சொற்களின் தொனியில் சோகம் இருந்ததா, சூழ்ச்சி இருந்ததா என்று மூன்று வாரங்கள் ஆராய்ச்சி நடந்தது. மார்ச் 31ஆம் நாள் மலேசிய அரசு திருத்தம் வெளியிட்டது: கடைசிச் சொற்கள் "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ". விமானிகள் வழக்கமாகச் சொல்லும் விடைபெறுதல், அவ்வளவுதான்! சொல்லப்படாத ஒரு சொல்லுக்கு எத்தனை விளக்கவுரைகள் எழுதப்பட்டன என்பதை எண்ணிப் பாருங்கள்.

பயணிகளின் கைப்பேசிகளை அழைத்தபோது மணி ஒலித்தது என்று உறவினர் சிலர் கூறினர். அது உயிர் இருப்பதற்கு அடையாளம் என்று பலர் உறுதி கூறினார்கள். உண்மை வேறு. எதிர்முனைக் கைப்பேசியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அழைப்பவர் காதில் மணியொலி கேட்பதுண்டு. எதிர்முனையில் மணி அடிக்கிறது என்பது அதற்குப் பொருளன்று. இதை அறியாமல் ஒரு தாய்க்கு நம்பிக்கை ஊட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர் இரவு முழுவதும் அந்த எண்ணைச் சுழற்றிக்கொண்டிருப்பார்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே ஒரு மந்திரவாதி வந்து, தேங்காய்களையும் மூங்கில் குழல்களையும் வைத்துக்கொண்டு விமானத்தைக் "கண்டுபிடிக்க" முயன்ற கூத்தும் நடந்தது. மார்க்க அறிஞர்கள் அதனைக் கண்டித்தனர். தேங்காய் வைத்துப் பார்ப்பதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். கையில் சான்று ஏதுமின்றி "படைத்தளத்தில்தான் இருக்கிறது" என்பவருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?

வல்லுநர்கள் செய்ததும் ஊகந்தானே என்று சிலர் கேட்கலாம். இல்லை. அவர்கள் தம் கணக்கை எல்லோருக்கும் முன் விரித்து வைத்தனர். அக்கணக்கு சுட்டிய இடத்தில் தேடினர். கிடைக்காதபோது கிடைக்கவில்லை என்றனர். தவறு என்று காட்டினால் திருத்திக்கொள்ள ஆயத்தமாய் இருப்பது ஆய்வு. எதைக் காட்டினாலும் "அதுவும் சூழ்ச்சியே" என்பது வதந்தி.

நம் கடலிலும்

இது மலேசியாவின் கதை மட்டுமன்று. 1998 செப்டம்பர் 29ஆம் நாள் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லயன் ஏர் 602 விமானம், சிறிது நேரத்தில் இலங்கையின் வடமேற்குக் கடலோரத்தில் மறைந்தது. உள்ளே இருந்தவர் 55 பேர். போர்க்காலம், கேள்வி கேட்கவும் அஞ்சிய காலம். 2012ஆம் ஆண்டில்தான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் அதன் சிதைவுகள் காணப்பட்டன. 2014 ஜனவரியில், கடலிலிருந்து எடுத்த உடைகளும் பொருள்களும் யாழ்ப்பாணத்தில் உறவினர் பார்வைக்கு வைக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு துண்டுத் துணியைக் கையிலெடுத்து "இது என் பிள்ளையுடையதா?" என்று பார்க்கும் தாயின் முன்னால் நின்று, எந்த ஊகத்தை நம்மால் சொல்ல முடியும்?

2016 ஜூலை 22ஆம் நாள் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் சென்ற விமானப்படையின் ஏ.என்.32 விமானம் வங்கக்கடலில் மறைந்தது. ஏழரை ஆண்டுகள் கழிந்து 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. கடல் தன் விடையைத் தரும்போது தரும். நம் அவசரத்துக்கு அது தருவதில்லை.

சட்டமும் காத்திருக்கிறது

காணாமற்போனவரின் குடும்பம் சிக்கும் இடுக்கண் பெரிது. மரணம் உறுதியானால் ஜனாஸாத் தொழுகை உண்டு, இத்தா உண்டு, சொத்துப் பங்கீடு உண்டு. உறுதியில்லாதபோது ஒரு மனைவி விதவையுமல்லள், சுமங்கலியுமல்லள். அதனால்தான் மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதனை மிக நுணுக்கமாக ஆராய்ந்தனர். நான்காண்டு காத்திருப்பு என்னும் மாலிக்கீ மத்ஹபின் வழியை, இன்னலுறும் பெண்களுக்காக இந்திய ஹனஃபீ ஆலிம்களும் ஏற்றனர். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும், கணவன் இருக்குமிடம் நான்காண்டுகள் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் திருமண முறிவு கோரலாம் என்கிறது. தீர்ப்பு அளித்த பின்னரும் ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது. ஒருவேளை அவர் திரும்பி வந்துவிட்டால்? சாட்சியச் சட்டமோ, ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றி யாதொரு தகவலும் இல்லையென்றால்தான், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரை அதனை மெய்ப்பிக்கச் சொல்கிறது.

பார்த்தீர்களா? சட்டம் நான்காண்டு காத்திருக்கிறது, ஏழாண்டு காத்திருக்கிறது. நம் நாக்கு நான்கு நிமிடம் காத்திருக்க மறுக்கிறது!

பெரியவர் சொன்னது

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல். அவர் வேலை பார்த்த ஆலையில் மருந்து கலக்கும் அறையொன்று வெடித்தது. அவர் தூரத்து அறையில் இருந்ததால் உயிர் தப்பினார். காயம்பட்டவர்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு சிவகாசி மருத்துவமனைக்கும், அங்கிருந்து மதுரைக்கும் போனார். அன்று கைப்பேசி இல்லை. அதற்குள் விருதுநகரில் அவர் வீட்டு வாசலுக்கு ஒருவர் ஓடிவந்து, "போர்மேன் நின்ற அறைதான் முதலில் வெடித்ததாம்" என்றார். அடுத்து வந்தவர், "மய்யித்தைக் கண்ணால் பார்த்தவர் சொன்னார்" என்றார். இஷாவுக்குப் பிறகு பெரியவர் திரும்பியபோது வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. அவருக்காகக் கபன் துணி வாங்கக் கடைத்தெருவுக்கு ஆள் போயிருந்தது.

அவர் உயிரோடு வந்து நின்றார். ஆனால் செய்தி கேட்டு விழுந்த அவருடைய அம்மா பக்கவாதத்தில் பேச்சிழந்து, இரண்டாண்டு படுக்கையிலேயே கிடந்து மவ்த்தானார்.

"சொன்னவர் கெட்டவர் இல்லைங்க. எங்கள் தெருக்காரர்தான், பதறிப்போய்ச் சொன்னார். 'எனக்குத் தெரியாது, விசாரித்து வருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவருக்கு வாயில் வரவில்லை" என்றார் பெரியவர்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை நாம் மறக்கவில்லை. தீயைக் கண்டு உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்கள் பலர் அடுத்த வெடிப்பில் உயிரிழந்தனர். அன்று கால்கள் ஓடின. இன்று விரல்கள் ஓடுகின்றன. வெம்பக்கோட்டையிலோ சாத்தூரிலோ ஓர் ஆலையில் புகை எழுந்த சில நிமிடங்களில், இறந்தவர் எண்ணிக்கையும் பெயரும் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. பழைய விபத்தின் படம் புதிய விபத்தின் படமாகிறது. மருத்துவமனைக்குப் பஸ் ஏறியிருக்கும் மனைவி அதனை வழியிலேயே பார்த்துவிடுகிறாள்.

பொறுப்பில் இருப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலேசிய விமானம் மேற்கே திரும்பிய செய்தி தெளிவாக வெளிவரத் தாமதமானது. முதல் நாட்களில் கிழக்கே தென்சீனக் கடலில் தேடல் நடந்தது. அந்த இடைவெளியில்தான் வதந்தி முளைத்தது. விபத்து நேர்ந்த ஆலை வாசலிலும் மருத்துவமனை வாசலிலும், உறுதியான பெயர்களை மட்டும் எழுதி நேரம் குறித்து ஒரு பலகை வைத்தால், பாதி வதந்தி அங்கேயே மடிந்துவிடும்.

எஞ்சிய பாதி நம் கையில் இருக்கிறது. செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிய வேண்டும் என்பதும், ஊகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலக வேண்டும் என்பதும் திருக்குர்ஆனில் அல்ஹுஜுராத் என்னும் ஒரே அத்தியாயத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளைகள். அறியாததை அறியேன் என்று சொல்லத் தயங்காத இமாம்களின் வழியில் வந்தவர்கள் நாம். நமக்கு மட்டும் ஏன் அது இழுக்காகத் தோன்றுகிறது?

சகோதர சகோதரிகளே! அடுத்த முறை ஒரு விபத்துச் செய்தி உங்கள் கைக்கு வரும்போது, அதனை அனுப்பும் முன் ஒரு வாசற்படியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படியில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்குத் திட்டமாகத் தெரிந்தால் அவளிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள், ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள், துஆச் செய்யுங்கள். அதுவே போதும்.

கடலிலும் நிலத்திலும் உறவுகளைத் தொலைத்துவிட்டுக் காத்திருக்கும் உள்ளங்கள் அனைத்திற்கும் வல்ல இறைவன் அமைதியை அருள்வானாக! ஆமீன்.