பழைய மாணவர் என்றால் யார்?

எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் நடந்த பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். இரண்டரை மணித்தியாலம். புதுக் கேட்டில் யார் பெயரைப் போடுவது, கிரிக்கெட் மெட்ச்சுக்கு டீ-சேர்ட் என்ன நிறம், இவ்வளவுதான் பேச்சு. உயர்தரம் படிக்கும் தம்பி தங்கச்சிமார் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றார்கள். "புள்ளைங்களும் உக்காந்து பேசட்டுமே சேர்" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "அதுக்கு வேற நாள் வைப்போம் மகள்" என்றார்கள். அந்த வேற நாள் இன்னும் வரவில்லை.

கேட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஹட்டனில் இப்படி நடப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. 1960களில் இதே ஊரில், ஹைலன்ஸ் கல்லூரியை மையமாக வைத்து, இர. சிவலிங்கமும் திருச்செந்தூரனும் வகுப்பறையோடு நிற்காமல் இளைஞர்களைத் திரட்டினார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். லயத்திலிருந்து வந்தவன் என்று சொல்லக் கூசியவர்களை, மலையகத்தான் என்று நிமிர்ந்து சொல்ல வைத்தது அந்தக் காலம்தான்.

பிறகு என்ன ஆனது? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு அரசாங்கங்களும் கணக்குப் போட்டன. எங்கள் தாத்தா, பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. சிவலிங்கமே பின்னாளில் தமிழ்நாட்டுக்குப் போய், அங்கே அனுப்பப்பட்ட மக்களுக்காக வேலை செய்தார். குடும்பங்கள் மட்டும் பிரியவில்லை, ஒரு தலைமுறை அடுத்ததிடம் சொல்ல வேண்டிய பேச்சும் பாதியில் நின்றுபோனது.

அது எவ்வளவு பெரிய நட்டம் என்பதற்கு எங்களையே உதாரணம் சொல்லலாம். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும்போது டெவன் நீர்வீழ்ச்சியில் இறங்கி செல்ஃபி எடுக்காதவர்கள் எங்களில் இல்லை. அதே டெவன் பெயர் கொண்ட தோட்டத்தில், 1977 மே மாதம், தோட்டக் காணிகளைப் பறிப்பதற்கு எதிரான போராட்டத்தில் சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது கம்பஸ் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அந்த நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள் பக்கத்து லயத்தில்தான் இருந்தார்கள். நாங்களும் கேட்கவில்லை. "அந்தக் காலத்துக் கதை" என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் தப்பு.

பெரியவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதும் புரிகிறது. 1977, 1981, 1983 என்று மாறி மாறி அடி வாங்கியவர்கள். பேசினால் தொழிற்சங்கம் பிடிக்கும், கட்சி பிடிக்கும் என்ற பயம் இன்றைக்கும் இருக்கிறது. அது வெறும் பயம் இல்லை, அனுபவம். ஆனால் காணி உறுதி, நாட்சம்பளம் எல்லாம் இன்னும் முடியாத கதைதானே. ஆயிரம் ரூபாய்க்கு 2021 வரை எப்படி இழுபட்டோம் என்பதை ஒரு கங்காணித் தாத்தா சொல்வதும் பொருளியல் படிக்கும் அக்கா சொல்வதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இன்னொன்று. பழைய மாணவர் என்றால் பாஸான மாணவர் மட்டும்தானா? தரம் ஒன்பதோடு நின்று புறக்கோட்டையில் கடைக்குப் போன பையன் அதே வகுப்பில்தான் படித்தான். சாதாரண தரத்தோடு கார்மென்ட்ஸுக்குப் போன அக்காவும், மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்த அம்மாவும் அப்படித்தான். படிப்பு ஏன் நின்றது என்று டொக்டரும் இன்ஜினியரும் மேடையில் சொல்வதைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். இவர்களுக்கு அழைப்பிதழ் போவதே இல்லை. சங்கத்துக்குச் சந்தா கட்ட முடியாதவர்களின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும்?

அதனால் நாங்கள் கேட்பது சின்ன விசயம். தீபாவளிக்கு மறுநாள் கூட்டம் வையுங்கள். அன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து எல்லாரும் தோட்டத்துக்கு வந்திருப்பார்கள். மேடை, பொன்னாடை, பிரதம அதிதி எதுவும் வேண்டாம். கதிரைகளை வட்டமாகப் போட்டால் போதும். முதல் பேச்சை அந்தக் கடைப் பையனுக்குக் கொடுங்கள். தேத்தண்ணியை இந்தத் தடவை நாங்கள் ஊற்றுகிறோம்.