கணக்கெழுதுபவரை யார் காப்பது?

கல்முனைக் கரையில் ‘அமானிதம்’ என்ற சொல்லைச் சின்னப் பிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் மகளின் பவுணையும் வளவு உறுதியையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் முடிச்சு அவிழாமல் அது கைக்கு வரும். வங்கிக் கிளைகள் பெருகாத காலத்தில் கடைத்தெரு முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் ஊராரின் காசும் கிடந்தது. மருதமுனையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பெண்கள் சீட்டுக் கட்டினார்கள். எழுத்தில்லை, முத்திரையில்லை. ஆளைத் தெரியும், அவருடைய வாப்பாவைத் தெரியும், அது போதும்.

அந்த நம்பிக்கை இந்தக் கரையின் பெருமை. அதையே முதலாக்கிப் பிழைக்கவும் ஆட்கள் வருகிறார்கள்.

இன்று மருதமுனை முதல் பொத்துவில் வரை கணக்கியல் படிக்கிற பிள்ளைகள் நிறைய. ஏ.ஏ.டி., பட்டயக் கணக்கியல், சிமா வகுப்புகள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ வர்த்தக பீடம். பிறகு ஊரிலேயே ஒரு வங்கி, ஒரு லீசிங் கம்பனி, இல்லையென்றால் டோஹாவிலோ றியாத்திலோ ஒரு கணக்குப் பிரிவு. வேலைக்குப் போகும் முதல் நாள் உம்மாவும் வாப்பாவும் சொல்லியனுப்புவது பெரும்பாலும் ஒன்றுதான்: “அடுத்தவர் காசில் கை வைக்காதே.” நல்ல புத்திமதி. ஆனால் அது போதாது. இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அழிந்தபோது, அந்த நிறுவனங்களில் வேலை பார்த்த மிகப் பலர் ஒரு சதமும் எடுக்காதவர்கள். அவர்கள் கையெழுத்து வைத்தார்கள், பற்றுச்சீட்டு எழுதினார்கள், வாய் திறக்காமல் இருந்தார்கள்.

கோல்டன் கீயை நினைத்துப் பார்க்கலாம். 2008 டிசம்பரில் அந்தக் கடனட்டைக் கம்பனி சரிந்தபோது 9,000க்கும் மேற்பட்ட வைப்பாளர்களின் ஏறத்தாழ 26 பில்லியன் ரூபாய் அதற்குள் மாட்டிக்கொண்டது. பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்குவதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் அந்தக் கம்பனியிடம் இருக்கவே இல்லை. ஆனாலும் அது செலிங்கோ குழுமத்தின் கம்பனி. குழுமத்தின் தலைவர் லலித் கொத்தலாவல கொடையாளி என்று நாடெங்கும் பெயர் பெற்றவர். மக்கள் அனுமதிப்பத்திரத்தைக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள். பீதி அதே குழுமத்தின் செலான் வங்கிக்கும் தாவியது. மக்கள் வரிசையில் நின்று பணத்தை மீட்கத் தொடங்க, மத்திய வங்கி தலையிட்டு வங்கியின் முகாமைத்துவத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. குழுமத்தின் இன்னொரு நிறுவனமான த ஃபினான்ஸ் கம்பனி மேலும் பல ஆண்டுகள் நொண்டி நொண்டி நடந்தது. 2020 மே மாதம் அதன் அனுமதிப்பத்திரமும் இரத்தாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கடனட்டைக் கம்பனி வைப்புப் பணம் வாங்குகிறது என்பது இரகசியமே அல்ல. கரும பீடத்தில் பணத்தை எண்ணி வாங்கிய கடைசி உத்தியோகத்தருக்கும் அது தெரியும். ‘இதற்கு நமக்கு அனுமதி இருக்கிறதா?’ என்ற கேள்வியை அந்தக் கட்டடத்துக்குள் கேட்டிருக்கக் கூடியவர்கள் பலர்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் பெங்களூரில் இருக்கிறது. 2006இல் முகம்மது மன்சூர் கான் தொடங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம், வட்டியை ஹறாமென்று ஒதுக்கி வாழ்ந்த நடுத்தர, ஏழை முஸ்லிம் குடும்பங்களிடம் ‘ஹலால் முதலீடு’ என்று சொல்லிப் பணம் திரட்டியது. நகைக்கடை நடத்தியது, சிவாஜிநகரில் ஓர் அரசாங்கப் பாடசாலையைத் தூக்கி நிறுத்த உதவியது, மாதாமாதம் ‘இலாபம்’ கொடுத்தது. 2019 ஜூனில் மன்சூர் கான் துபாய்க்குப் போய்விட்டார். கடை வாசலில் பெண்கள் அழுதுகொண்டு நின்றார்கள். 40,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்தன. ஜூலையில் டெல்லியில் இறங்கியதும் அவர் கைதானார். முதலீட்டுக்கு ஆள் சேர்க்க உதவியதாகச் சொல்லப்பட்ட ஓர் இமாமும் விசாரணையில் கைதானார்.

ஹலால் என்ற சொல்லுக்கு அங்கே என்ன நடந்தது? உண்மையான முளாரபா என்ற இலாபப் பங்கு ஒப்பந்தத்தில் முதல் போட்டவர் இலாபத்தில் மட்டுமல்ல, நட்டத்திலும் பங்காளி. அப்படியென்றால் ஒரு மாதமாவது வியாபாரம் படுத்திருக்க வேண்டும், ஒரு மாதமாவது ‘இம்முறை இலாபமில்லை’ என்ற பதில் வந்திருக்க வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் வருகிற இலாபம் எந்தச் சந்தையிலும் விளைவதில்லை. நெல் விதைக்கிற சம்மாந்துறை விவசாயிக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு போகமும் ஒரே அளவு மூடை வருகிறது என்று எவராவது சொன்னால் அவர் சிரித்துவிடுவார். அதே மனிதர் கைபேசியில் வரும் திட்டத்தை மட்டும் நம்பிவிடுகிறார்.

நம்பிக் கெட்டவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். எம்.டி.எஃப்.இ. செயலி 2023 ஓகஸ்டில் பல நாடுகளில் ஒரேயடியாகப் படுத்தது. தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களாக மத்திய வங்கி அந்த ஆண்டு பெயர் குறிப்பிட்ட பட்டியலில் அதுவும் இருந்தது, ஒன்மேக்ஸ் டி.டி.யும் இருந்தது. பிரமிட் திட்டத்தைத் தொடங்குவது மட்டுமல்ல, அதில் ஆள் சேர்ப்பதும் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்கீழ் குற்றம். அப்படி ஆள் சேர்ப்பவர் அந்நியராக இருப்பதில்லை. மச்சான், பழைய வகுப்புத் தோழர், சில நேரம் ‘கணக்குப் படித்த தம்பி’. எண்களைப் பற்றி அவர் சொன்னால் ஊர் கேட்கும் என்பதால்தான் அவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். படிப்புக்குக் கிடைத்த மரியாதை அங்கே விலை போகிறது.

இந்தக் கட்டத்தில், ‘வட்டியை ஒதுக்குவதால்தான் முஸ்லிம்கள் ஏமாறுகிறார்கள்’ என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. வட்டியில்லா வங்கிமுறைக்கு இலங்கையில் 2005ஆம் ஆண்டின் திருத்தத்தோடு சட்டம் வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி அனுமதி பெற்ற வணிக வங்கியாகவே செயற்படத் தொடங்கியது. மார்க்கத்தைப் பேணுகிறவருக்கு மத்திய வங்கியின் கண்காணிப்புக்குள்ளேயே இடம் இருக்கிறது. அனுமதி பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ போட்ட பணத்துக்கு, அந்த நிறுவனம் விழுந்தாலும், வைப்புக் காப்புறுதியின்கீழ் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பும் உண்டு. செயலியில் போட்ட பணத்துக்கு அது கிடையாது.

ஆனாலும் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குவதால் மட்டும் உள்ளே நேர்மை குடிவந்துவிடாது. அதை இந்த நாட்டுக்குக் காட்டியது மத்திய வங்கியே.

2015 பெப்ரவரி 27. முப்பது வருடத் திறைசேரிப் பிணைமுறிக்கு ஏலம். அறிவித்திருந்த தொகை 1 பில்லியன் ரூபாய். அன்றைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரன் பொதுப்படுகடன் திணைக்களத்துக்கு நேரில் வந்தார். முடிவில் 10 பில்லியனுக்கும் சற்றுக் கூடுதலாக ஏற்கப்பட்டது. அதில் பெரும்பங்கைப் பெற்றது அவருடைய மருமகனோடு தொடர்புடைய பர்பெச்சுவல் ட்ரெஷரிஸ் நிறுவனம். 2017 ஜனவரியில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு அந்தத் திணைக்களத்துக்குள் நடந்ததைச் சாட்சிகள் மூலம் வரிவரியாக விசாரித்து, டிசம்பர் 30ஆம் திகதி அறிக்கையைக் கையளித்தது. நேரடியாக ஏலத்தில் வாங்கியிருக்கக் கூடிய பிணைமுறிகளை ஊழியர் சேமலாப நிதியம் பிறகு சந்தையில் கூடிய விலைக்கு வாங்கிய கதையையும் அது துருவியது. சேமலாப நிதியம் யாருடைய பணம்? கல்முனைக் கடையொன்றில் துணி அளக்கிற பையனின் சம்பளத்தில் மாதம் 8 வீதம், முதலாளி போடுகிற 12 வீதம்.

அந்த விசாரணையில் மனதில் நிற்பவர்கள் பெரிய பெயர்கள் அல்லர். பொதுப்படுகடன் திணைக்கள உத்தியோகத்தர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, தங்கள் பரிந்துரை என்ன, ஆளுநரின் பணிப்புரை என்ன என்று பிரித்துச் சொன்னார்கள். பர்பெச்சுவல் ட்ரெஷரிஸின் தகவல் தொழில்நுட்ப ஊழியர் ஒருவர், மேலிடம் சொன்னபடி தொலைபேசி ஒலிப்பதிவுகளில் கை வைத்ததாகத் தானே வந்து சாட்சியம் அளித்தார். வேலைக்கு வந்த நாளில் இப்படியொரு கட்டளை வரும் என்று அவர் நினைத்திருப்பாரா? மேலாளர் மேசைக்கு அருகில் வந்து நின்று, “இதைக் கொஞ்சம் மாற்றிவிடு” என்று சொல்கிற அந்த அரை நிமிடத்தில்தான் நிதித்துறையின் நேர்மை இருக்கிறது. அதற்கு எந்தப் பாடத்திட்டமும் பிள்ளையைத் தயார்ப்படுத்துவதில்லை. பட்டயக் கணக்காளரின் ஒழுக்கக் கோவை நேர்மையையும் சொல்கிறது, இரகசியம் பேணலையும் சொல்கிறது. பரீட்சையில் இரண்டையும் எழுதி சித்தியடையலாம். அலுவலகத்தில் இரண்டும் மோதும்போது, இரகசியத்தைச் சாட்டாக வைத்து நேர்மையைக் கைவிடுகிறவர்களே அதிகம்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் அது. கடனை எழுதிவைப்பது, நீதியாக எழுதுகிறவரை வைத்து எழுதுவது, சாட்சி நிறுத்துவது, தொகை சின்னதென்று எழுதாமல் விட்டுவிடாதிருப்பது என்று ஒரு கணக்குப் பிரிவின் ஒழுங்குமுறையையே அது விரித்துப் பேசுகிறது. ‘ஆளைத் தெரியும், அது போதும்’ என்பதை அந்த வசனம் ஏற்கவில்லை. அதன் கடைசிப் பகுதியில், எழுதுகிறவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது என்ற கட்டளையும் இருக்கிறது. ஜும்ஆ மேடைகளில் வட்டியின் கேட்டைப் பற்றிப் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. கணக்கெழுதுபவரைக் காக்க வேண்டிய கடமையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்பட்டிருக்கிறதா?

தீங்கு என்றால் அடி உதை மட்டுமல்ல. கல்முனையில் நிதித்துறைக்குள் நுழைகிற இளைஞருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் லீசிங் அல்லது நுண்கடன் கம்பனியில் வெளிக்கள வேலை. மோட்டார் சைக்கிள், ஒரு பை, ஒரு டார்கெட். கைத்தறி நெய்கிற ஒரு தாய்க்கு ஏற்கெனவே மூன்று இடத்தில் கிழமைக் கடன் இருப்பது அவருக்குத் தெரியும். நாலாவதைக் கொடுத்தால் முதலாவது கட்டுப்படாது என்பதும் தெரியும். விண்ணப்பத்தில் ‘வேறு கடன் இல்லை’ என்று எழுதினால் டார்கெட் நிறையும். உண்மையை எழுதினால் கிளை முகாமையாளரின் ஏச்சு, அடுத்த கிழமை தூர இடத்துக்கு மாற்றம், மாத முடிவில் ‘உனக்கு இந்த வேலை சரிவராது’. வீட்டில் வந்து சொன்னால், “உனக்கென்ன, எல்லாரும் செய்கிறதுதானே” என்ற பதில். அந்த வீட்டுப் பதில்தான் ஏச்சைவிட வலிக்கும்.

சட்டம் சிறிது அசைந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியது. தகவல் தருவோருக்குப் பாதுகாப்பும் சொல்கிறது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று நாலுக்கு ஒன்று பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷக்களோடு முன்னாள் ஆளுநர்களான அஜித் நிவாட் கப்ராலின் பெயரும் டபிள்யூ. டி. லக்ஷ்மனின் பெயரும் அதில் இருந்தன. வழக்காடியவர்களுள் ஓய்வுபெற்ற வர்த்தகத் தலைவர் சந்திரா ஜயரத்னவும் நீச்சல் வீரர் ஜூலியன் போலிங்கும் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் பேசிய பொது நம்பிக்கைக்கு இந்தக் கரையில் பழைய பெயர் அமானிதம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்த பிறகு, மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த காசின் பெறுமதி பாதியானதைக் கண்ட ஒவ்வொரு உம்மாவும் அந்த வழக்கின் கட்சிக்காரர்தான்.

ஆனால் சில உயர்ந்த பெயர்களுக்கு எதிரான தீர்ப்பு, வெளிக்கள உத்தியோகத்தரின் மேசைவரை இறங்கி வராது. ஊர்தான் இறங்க வேண்டும். ஒலுவிலில் முகாமைத்துவ பீடமும் இஸ்லாமியக் கற்கைகள் பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பிணைமுறி ஆணைக்குழுவின் அறிக்கையை இரு பீட மாணவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தவணை படிக்கலாம்: எந்த இடத்தில் யார் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று. மத்திய வங்கி வெளியிடும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும், தடைசெய்த திட்டங்களின் பட்டியலையும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் தொழுகை நேரத்துக்குப் பக்கத்தில் ஒட்டலாம். செலவு இரண்டு தாள்.

பொய்க் கையெழுத்து வைக்க மறுத்து வேலையை இழந்து ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால், கடைத்தெரு வர்த்தகர்கள் அவரை அழைத்துத் தங்கள் கணக்கை ஒப்படைக்க முன்வர வேண்டும். பள்ளிவாசலின் வரவு செலவையும் அவரிடமே கொடுக்கலாம்.