கண்ணுக்கு ஒன்றாய்த் தெரியும் பாசிகள்

மன்னார் வளைகுடாவில் உயிருள்ள முருகைக்கல்லின், அதாவது பவளத்தின், தவிட்டு நிறம் அதன் சதைக்குள் குடியிருக்கும் ஒற்றை உயிரணுப் பாசியின் நிறம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் இவை ஏறத்தாழ பத்து லட்சம் இருக்கும். ஒளிச்சேர்க்கையில் ஆக்கும் உணவின் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிட்டு, பவளம் கழிக்கும் நைட்ரஜனையும் கரியமில வாயுவையும் எடுத்துக்கொள்கின்றன. 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள் வளர்ந்தது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

போரைட்டஸ் என்னும் பவளத்தின் துண்டு ஒன்றின் மேல் கடல்நீரைப் பீய்ச்சிச் சதையை உரித்து, சுழற்றித் தெளியவைத்து, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் பொன்பழுப்பு உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் சுமார் 10 மைக்ரான். அக்ரோபோரா என்னும் பவளத்தில் எடுத்தாலும் கடற்சாமந்தியில் எடுத்தாலும் அதே உருண்டைதான். இந்த ஒற்றுமை ஆய்வாளர்களை நெடுங்காலம் ஏமாற்றியது. 1962-இல் ஹியூகோ ஃபிராய்டன்தால் கேசியோபியா என்ற சொறிமீனின் பாசிக்கு சிம்பயோடினியம் மைக்ரோஅட்ரியாட்டிகம் என்று பெயரிட்டார். பவளப் பாசிகள் எல்லாமே அந்த ஓர் இனம்தான் என்று பலர் நம்பினர். 1991-இல் ரோவனும் பவர்ஸும் மரபணுக்களை ஒப்பிட்டு அந்த நம்பிக்கையை உடைத்தனர். ஏ, பி, சி என எழுத்துகளால் அழைக்கப்பட்டுவந்த கிளைகளுக்கு லாஜூனெஸ் குழு 2018-இல் பேரின அந்தஸ்து அளித்தது: ஏ சிம்பயோடினியம், பி பிரெவியோலம், சி கிளாடோகோப்பியம், டி டுருஸ்டினியம். இவற்றின் பொது மூதாதை ஜுராசிக் காலத்தது.

பெயர் மாற்றம் ஏட்டளவில் நிற்பதல்ல. டுருஸ்டினியம் கூடிய பவளம் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி கூடுதல் வெப்பத்தைத் தாங்குவதாகப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் கண்டறியப்பட்டது. அதே பாசி கொண்ட இளம் அக்ரோபோரா, கிளாடோகோப்பியம் கொண்டதைவிட மெதுவாக வளர்ந்ததும் அங்கேதான் பதிவானது. ஆகவே வெப்பம் தாங்கும் பாசியே நல்ல பாசி என்று முடிவுகட்டுவது அவசரம்.

பாசி வந்து சேரும் வழியும் ஒன்றல்ல. போரைட்டஸ், மான்டிபோரா ஆகிய பவளங்கள் முட்டையிலேயே பாசியை வைத்து அனுப்புகின்றன. அக்ரோபோராவின் குஞ்சுகளோ வெறுமையாகப் பிறந்து, சுற்றுப்புறத்திலிருந்து பாசியைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தச் சுற்றுப்புறம் என்பது மணல், நீர், கடற்பாசித் தழை, கிளிமீனின் எச்சம். எஃப்ரேனியம் போன்ற பாசிப் பேரினங்கள் பவளத்தோடு சேராமலே வாழ்பவை. பவளப் பாரை மட்டும் பார்த்து மணலை விட்டுவிடும் ஆய்வு பாதியைத்தான் காண்கிறது.

மரபணு முடிவுகளைப் படிப்பதிலும் நிதானம் தேவை. பாசிகளை இனங்காணப் படிக்கும் ஐடிஎஸ்-2 என்ற டிஎன்ஏ பகுதி ஒரே உயிரணுவுக்குள் பல படிகளாக இருக்கிறது. அப்படிகள் ஒன்றுக்கொன்று முழுவதும் ஒத்தவையும் அல்ல. கிடைத்த ஒவ்வொரு வரிசையையும் ஓர் இனமாக எண்ணினால் இல்லாத பன்மயம் பட்டியலில் ஏறிவிடும்.

1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பாசியை இழந்து வெளுத்தன. 2016-இல் கிளை விடும் பவளங்கள் அதிகம் மாண்டன. பாறைபோல் திரளும் போரைட்டஸ் பெரும்பாலும் மீண்டது. தடித்த சதை ஒரு காரணம். பாசியின் பங்கு எவ்வளவு என்று சொல்ல, வெளுப்பதற்கு முந்தைய மாதிரி கையில் இருக்க வேண்டும். மே மாதம் வெளுத்த பிறகு எடுக்கும் மாதிரி, எஞ்சியது எது என்றுதான் சொல்லும். போனது எது என்று சொல்லாது.

2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உரிய அனுமதியோடு நகக்கண் அளவு துண்டு எடுத்தாலே பாசியை அறியப் போதும். பவளத் துண்டு நடும் ஒவ்வொரு குழுவும் கடல் குளிர்ந்திருக்கும் ஜனவரியிலேயே தாய்ப்பவளத்தின் மாதிரியை எடுத்துச் எத்தனாலில் இட்டு வைக்க வேண்டும். பவள இனம், ஆழம், வெப்பநிலை எழுதும் அதே வரியில் பாசியின் பேரினத்தையும் எழுத வேண்டும்.