இரும்பின் விலையும் கருவியின் விலையும்



வாரந்தோறும் ஒரு வேதப்பகுதியைத் தியானிக்கும் இவ்விடத்தில் சுத்தியலையும் உளியையும் இரும்பு அலமாரியையும் பற்றி எழுதப்போகிறேன் என்றால் சிலர் புன்னகைப்பீர்கள். புன்னகைக்குமுன் நீதிமொழிகள் 20:14ஐ ஒருமுறை திறந்து வாசியுங்கள். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, இது தரமில்லை, இது உதவாது என்று விற்பவன் முகத்துக்கு நேரே பழித்துவிட்டு, வாங்கிக்கொண்டு தெருமுனை தாண்டியதும் தன் சாமர்த்தியத்தைத் தானே பாராட்டிக்கொள்ளும் ஒருவனை அங்கே காண்பீர்கள். கள்ளத் தராசு வைத்திருக்கும் வியாபாரியைக் கண்டிக்கும் வசனங்கள் அதே நூலில் பல உண்டு. நம் பிரசங்கங்களில் அவை அடிக்கடி வருகின்றன. வாங்குகிறவனின் நாவைப் பற்றிய இந்த வசனமோ பெரும்பாலும் வாசிக்கப்படாமலே கடந்துபோகிறது. நம்மில் விற்பவர்கள் சிலர், வாங்குபவர்கள் எல்லாரும் என்பதால் இருக்கலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் நம் ஊரின் வீடுகள். பிள்ளையார்பாளையத்திலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் தறிக்குழி இருந்த கூடங்கள் உருமாறி வருவதை நீங்கள் அறிவீர்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் குழியைத் தூர்த்துச் சிமெண்டு பூசி, தகப்பனார் காலை நீட்டி அமர்ந்து நெய்த அதே இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள். சிலர் சுவரோரம் அலமாரி பொருத்தி, வண்டிக்கும் வீட்டுக்கும் வரும் சிறு பழுதுகளைத் தாமே சரிசெய்ய ஒரு பட்டறையும் அமைத்துக்கொள்கிறார்கள். இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. சொந்தக் கைகளால் வேலைசெய்யும்படி தெசலோனிக்கே சபைக்குப் பவுல் புத்தி சொன்னார். அவரும் கொரிந்துவில் ஆக்கில்லாவின் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தவர்தாம்.

ஆனால் பட்டறைக்குக் கருவிகள் வேண்டும். அவை மூன்று வழிகளில் வருகின்றன. கடையிலோ கைப்பேசி வழியாகவோ புதியதாக வாங்கலாம். சென்னைப் புதுப்பேட்டைக்கோ நம் ஊர்க் காயலான் கடைக்கோ போய்ப் பழையதாக வாங்கலாம். மூன்றாவது வழி, தொழிலை விட்டுவிட்ட ஒரு வீட்டின் வாசலில் போய் நிற்பது. என் மனத்தை அலைக்கழிப்பது இந்த மூன்றாவது வழியே.

தறியை நிறுத்திய ஒரு வீட்டில் அண்மையில் எல்லாம் விலைக்கு வந்தது. ஜக்கார்டு பெட்டியும் அதன் அட்டைகளும், நாடாக்கள், ராட்டை. அவற்றோடு தறியைப் பழுதுபார்க்க அந்தப் பெரியவர் வைத்திருந்த உளிகள், குறடு, கை ரம்பம், மேசையில் பொருத்தும் பிடிப்புக் கருவி. வாங்க வந்தவர் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார். இது துரு, இது தேய்ந்துவிட்டது, இதை இனி யார் தொடுவார் என்றார். முடிவில் அனைத்தையும் எடைக்குக் கேட்டார். பெரியவருக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. அன்று மாலையே அந்த உளிகள் எண்ணெய் பூசப்பட்டு வரிசையாய் அடுக்கப்பட்ட படம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இந்த விலைக்கு இப்படிப்பட்ட எஃகு எங்கும் கிடைக்காது என்று கீழே எழுதியிருந்தது. அது நம் சபையின் குழு. பாராட்டியவர்களும் நம்மவர்களே. படம் போட்டவரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவரிடம் நேரில் பேசியாயிற்று. பேசியதன் பலன் அவருக்கும் அந்த வீட்டுக்கும் இடைப்பட்டது.

அவருடைய வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது நம் அனைவருடைய வாதமும்கூட. நான் திருடவில்லை, பொய்க்கணக்கு எழுதவில்லை, அவர் சம்மதித்த விலையைத்தான் கொடுத்தேன் என்கிறோம். சட்டப்படி இது சரி. லேவியராகமம் 25:14 இதோடு நிற்கவில்லை. நிலத்தின் விற்பனையைப் பற்றிப் பேசும் அந்தப் பகுதி, விற்கும்போதும் வாங்கும்போதும் ஒருவருக்கொருவர் அநியாயம் செய்யலாகாது என்று இரு தரப்பாரையும் சேர்த்துக் கட்டுகிறது. சம்மதம் இருந்தால் அநியாயம் இல்லை என்று அது சொல்லவில்லை. மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பவரின் சம்மதம் எவ்வளவு எடையுள்ளது என்பதை நீங்களே நிதானித்துப் பாருங்கள்.

ஒரு பொருளுக்கு இரும்பு என்ற வகையில் ஒரு விலை உண்டு. கருவி என்ற வகையில் வேறொரு விலை உண்டு. காயலான் கடைக்காரர் அதை உருக்குவதற்கு அனுப்புகிறார். அவர் இரும்பின் விலையைக் கொடுப்பது நியாயமே. அதே உளியை நீங்கள் நாளை மரத்தில் வைத்து அடிக்கப்போகிறீர்கள் என்றால், நீங்கள் வாங்குவது இரும்பை அல்ல, கருவியை. கருவியாகப் பயன்படுத்தப்போகிறவன் இரும்பின் விலையைக் கொடுப்பது, என் கருத்தில், தராசில் கள்ளக் கல்லை வைப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. பேரம் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ள குறையைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைக்கச் சொல்வது நேர்மையான பேரம். இல்லாத குறையைச் சொல்வதும், தேவையற்றதுபோல் நடிப்பதும் பொய். அது ஒன்பதாம் கட்டளையின் அயலகத்தில் நிற்கிறது.

பரிசுத்த அகுஸ்தீன் திரித்துவத்தைப் பற்றி எழுதிய பெருநூலில், இதற்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஓரிடத்தில், தமக்குத் தெரிந்த ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லிச் செல்கிறார். ஒருவன் ஒரு கையெழுத்துப் பிரதியை விற்க வந்தான். அதன் மதிப்பை அறியாமல் மிகக் குறைந்த விலை கேட்டான். வாங்கியவனோ விற்றவன் எதிர்பாராதபடி அதன் உண்மையான விலையையே கொடுத்தான். அது கேட்டதைவிட மிக அதிகம். மலிவாக வாங்கி உயர்வாக விற்க விரும்புவதே எல்லாருடைய இயல்பு என்று பேசியவர்களுக்கு மறுமொழியாக அகுஸ்தீன் இதைக் குறிப்பிடுகிறார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் நியாய விலையைப் பற்றி எழுதியபோது இந்த விவாதத்தையே எடுத்தாண்டார். அந்த வாங்கியவன் செய்ததை நம்மில் ஒருவர் பழைய கருவிகளின் சந்தையில் செய்தால் அவரைப் பைத்தியக்காரர் என்பார்கள். சொல்லட்டும்.

தொழிற்கருவியை வேதம் மற்றப் பொருள்களைப்போல் எண்ணுவதில்லை. உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்று தடுக்கிறது. அதை எடுப்பது அந்த மனிதனின் உயிரையே அடகாக எடுப்பதற்குச் சமம் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். சில வசனங்கள் கடந்து, கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்று வருகிறது. பழைய பொருள் வாங்கப் போகும் நாம் பிறர் வீட்டுக் கூடம்வரை சென்று மூலைமுடுக்கெல்லாம் துழாவும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது. வியப்பு என்னவென்றால், நம் நாட்டுச் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கடன் தீர்ப்பை நிறைவேற்றும்போது கைவினைஞரின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. நீதிமன்றமே தொடத் தயங்கும் பொருளை நாம் எடைக்கு அள்ளி வருகிறோம்.

ஆகவே, தறியைச் சேர்ந்தவை விலைக்கு வந்தால் முதலில் அவற்றை இன்னும் நெய்துகொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சொல்லுங்கள். ஓடும் நிலையிலுள்ள ஜக்கார்டு பெட்டி அவர்களுக்குப் பிழைப்பு. நமக்கு வரவேற்பறை அலங்காரம். நெசவைத் தொடர்கிறவர்களுக்கும் ஒரு சொல். பழைய பெட்டிக்காக வட்டிக்குக் கடன் வாங்குமுன், நம் ஊரிலேயே உள்ள நெசவாளர் சேவை மையத்தில் விசாரியுங்கள். தறிக்கும் உபகரணங்களுக்கும் விலையில் 90 விழுக்காட்டை ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று 2016ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. தகுதியும் நடைமுறையும் அங்கே சொல்வார்கள்.

இனி, பட்டறை அமைக்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி: எதைப் புதியதாக வாங்குவது, எதைப் பழையதாக வாங்குவது? உயிருக்கு ஊறு நேரக்கூடியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். வண்டியைத் தூக்கும் ஜாக்கியும், மின்சாரத்தில் சுழலும் எதுவும் நம்பகமான கடையில் ரசீதோடு வாங்கத்தக்கவை. ஆங்கிள் கிரைண்டரின் வெட்டுத் தட்டுகளில் நடு வளையத்தைப் பாருங்கள். காலாவதித் தேதி பொறித்திருக்கும். பழைய கடையில் கிடைக்கும் தட்டு எத்தனை மலிவானாலும் வேண்டாம். அரமும் பழையது உதவாது. தேய்ந்த அரத்தைத் தீட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. உளி, சுத்தியல், இழைப்புளி, பிடிப்புக் கருவி போன்றவை பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பானரில் வாய் விரிந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு நட்டில் மாட்டிப் பாருங்கள்.

வாங்குமுன் இன்னொன்றும் கேளுங்கள்: இது பழுதானால் நம் ஊரில் யார் சரிசெய்வார்? 1 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலில் கொல்லனே இல்லாத ஒரு காலம் சொல்லப்படுகிறது. கலப்பைக் கொழுவையும் கோடரியையும் தீட்ட அவர்கள் பெலிஸ்தரிடம் போகவேண்டியிருந்தது. அங்கே வரும் ஓர் எபிரெயச் சொல்லின் பொருள் நெடுங்காலம் தெளிவாக இல்லை. பழைய மொழிபெயர்ப்புகள் அதை அரம் என்று கொண்டன. பின்னர் அகழாய்வுகளில் 'பீம்' என்று பொறித்த எடைக்கற்கள் கிடைத்தன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு சேக்கல் எடை. அது தீட்டுக்கூலி என்பது அப்போதுதான் விளங்கியது. எவனிடம் தீட்டப் போகிறோமோ அவன் சொன்னதே கூலி. உதிரிபாகமே கிடைக்காத மலிவான இயந்திரங்களை வாங்கி, ஓராண்டில் அவற்றைக் குப்பையில் போடும் நாமும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறோம்.

ஒரு கடுமையான சொல்லையும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையின் பெயரோ எண்ணோ பொறித்து, பிறகு அது தேய்க்கப்பட்ட உயர்தரக் கருவிகள் சில சமயம் பாதி விலைக்கும் குறைவாய்க் கைக்கு வருகின்றன. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவது அறியாமை அல்ல. திருடனோடு பங்கு போடுகிறவனைப் பற்றி நீதிமொழிகள் 29:24 என்ன சொல்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, வைப்பிடம். கருவி சேர்ந்ததும் அலமாரி வேண்டும். அலமாரி வந்ததும் அதை நிரப்பக் கருவி வேண்டும். லூக்கா 12இல் வரும் ஐசுவரியவானின் களஞ்சியம் இப்படித்தான் பெரிதாயிற்று. அவன் விளைவித்தது குற்றமில்லை. அவன் பேச்சில் வேறொரு மனிதனும் இல்லாததைக் கவனியுங்கள். என் களஞ்சியம், என் தானியம், என் ஆத்துமா என்றே போகிறது. உறை பிரிக்காத துளையிடும் இயந்திரம் இரண்டு அலமாரியில் இருக்க, எதிர் வீட்டுக்காரர் ஒரு கொக்கி மாட்ட ஆள் தேடி அலைந்தால், அது அலமாரி அல்ல, அந்தக் களஞ்சியம்.

குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு வேண்டியவை கை எட்டும் தொலைவில் சுவர் மாடத்திலேயே இருக்கும். அங்கே இடமும் இல்லை, மிகுதியும் இல்லை. தொழிற்சாலையில் வேலைசெய்யும் நம் பிள்ளைகளுக்கு ஜப்பானியரின் 'ஐந்து எஸ்' முறை தெரியும். அதன் முதற்படி அடுக்குவது அல்ல, வேண்டாததை விலக்குவது. அதைக் கற்ற பிள்ளைகள் வீட்டிலும் செய்யலாம். ஒரு பலகையில் ஒவ்வொரு கருவியின் வடிவையும் வரைந்து அதன்மேல் மாட்டிவைத்தால், எது வெளியே போயிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் நம் பழைய வீடுகளின் தரை கசியும். இரும்பைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வைத்து எண்ணெய் தடவுங்கள். நம் அயலார் ஆயுத பூஜைக்காக ஆண்டுக்கொருமுறை கருவிகளைத் துடைத்துத் துப்புரவாக்குகிறார்கள். நாம் கருவிகளை வணங்குவதில்லை. அது நம் விசுவாசம். அதற்காக அவற்றைத் துருப்பிடிக்க விடவேண்டும் என்று எந்த விசுவாசப் பிரமாணத்திலும் இல்லை.

இரவல் கொடுக்கத் தயங்குகிறவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. போன கருவி திரும்புவதில்லை, திரும்பினாலும் முனை மழுங்கி வருகிறது. 2 இராஜாக்கள் 6இல் யோர்தானில் கோடரி விழுந்தபோது அந்த மனிதன் கதறியதற்குக் காரணம் அது இரவல் என்பதே. தன்னுடையதாக இருந்தால் அப்படிக் கதறியிருப்பானா தெரியாது. அவனைப்போல் இரவல் வாங்குகிறவர்கள் நம்மில் இருந்தால் கொடுக்கிறவர்களும் இருப்பார்கள்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓய்வுநாள் பள்ளி அறை மேசையில் ஒரு குறிப்பேடு இருக்கும். இரவல் தரக்கூடிய கருவிகளை இடப்பக்கத்தில் எழுதுங்கள். விற்கவேண்டியவற்றை வலப்பக்கத்தில் எழுதுங்கள், விலையைக் குறிக்கவேண்டாம். தச்சுவேலையும் வண்டிவேலையும் அறிந்த நம் சபையார் இருவர் அவற்றைப் பார்த்து, இரும்பாக எவ்வளவு, கருவியாக எவ்வளவு என்று இரண்டு விலைகளையும் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சபையைச் சேராத அயலாரின் பொருள்களையும் அதில் எழுதலாம்.