கேமரன் மலைப் படங்கள் உங்கள் வீட்டில்தான் இருக்கின்றன

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கும், இப்போது ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று போய்விட்ட அவர்களின் பிள்ளைகளுக்கும்:

ஆவணப் புகைப்படக் கலை படிக்கும் நம் பிள்ளைகள் இந்த மலையின் பழைய படங்களைத் தேடினால் எங்கே போவார்கள்? கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் மலாயாவில் வாழ்ந்த பிரிட்டிஷ்காரர்களின் படத் தொகுப்புகள் இருக்கின்றன. இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் துரைமார் எடுத்த படத்தில் துரையின் பெயர் இருக்கும். கூடையோடு நிற்பவரின் பெயர் இருக்காது. 1929இல் போ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஜே.ஏ. ரஸ்ஸல் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே காடு வெட்டியவர்கள் யார் யார்?

அது உங்களுக்குத்தான் தெரியும். 1948இல் அவசரகாலம் வந்தபோது படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். பல வீடுகளில் பாட்டியின் முதல் படமே அதுதான். பிறகு கல்யாணப் படம், மாரியம்மன் கோயில் திருவிழா, பள்ளிக்கூட வகுப்புப் படம், சாவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து நின்ற படம். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவில் சேர்த்தது. இலங்கையில் நூலகம் நிறுவனம் மலையக ஆவணங்களைச் சேர்த்துவருகிறது. நம்முடையவை இன்னும் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.

அவற்றை ஒன்றுசேர்க்க நாங்கள் கேட்பது நகல் மட்டுமே. உங்கள் கண்முன்னே ஸ்கேன் செய்து, படத்தைக் கையோடு திருப்பித் தருவோம். ஒரு நகல் மலையிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு. இன்னொன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க முயல்வோம். அடையாள அட்டை எண்ணை மறைத்துவிடுவோம். வெளியே காட்ட வேண்டாம் என்று நீங்கள் சொல்லும் படம் வெளியே போகாது.

ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள். சட்டத்தோடு கொண்டுவாருங்கள், கண்ணாடிக்கு மேலேயே நகலெடுக்கலாம். லேமினேட் வேண்டவே வேண்டாம். நெகட்டிவ் இருந்தால் படத்தைவிட அது முக்கியம். வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் படம் சுருங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெயர் வேண்டும். 1936இல் கலிபோர்னியாவில் டோரதியா லாங்கே எடுத்த ஏழைத் தாயின் படத்தைப் பார்க்காத புகைப்பட மாணவர் இல்லை. அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது. லாங்கே அதைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. நமக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. படத்திலிருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இது யார், எந்த லயம், எந்த வருடம், யார் எடுத்தது என்று கேட்டுக் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பின்பக்கம் எழுதுவதானால் பேனா வேண்டாம், மென்மையான பென்சில்.

இன்று மலையில் கொழுந்து வெட்டுபவர்களில் வங்கதேசத்தவரும் நேப்பாளத்தவரும் நிறைய. அவர்கள் சம்மதித்தால் அவர்களுடைய கைப்பேசிப் படங்களையும் சேர்ப்போம். நமக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்க வேண்டியதில்லை.

தீபாவளிக்கு மலைக்கு வருகிறவர்கள் டின்னை அப்படியே எடுத்து வாருங்கள். எது முக்கியம் என்று வீட்டிலேயே பொறுக்கிப் பிரிக்க வேண்டாம். மங்கியதும் கிழிந்ததும்கூட வேண்டும்.

இப்படிக்கு,
கேமரன் மலைத் தோட்டக் குடும்பத்தினர்