கோலமும் வட்டமும்

சென்ற மார்ச்சில் ஒரு பல்கலைக்கழகத்தின் மகளிரியல் மையம் என்னைப் பேச அழைத்தது. பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஒரு இடத்தின் குறையாக விஷயம் சுருங்கிவிடும். ஒருநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, விடியுமுன் கூடலூரில் பஸ் ஏறி, நடுவட்டம், ஊட்டி வழியாகச் சமவெளிக்கு இறங்கினேன். மையத்தின் வாசலில் கோலப் போட்டி. உள்ளே அடுப்பில்லாச் சமையல் போட்டி. மூன்றாவது நிகழ்ச்சி நான். 'ஈழப் பெண் கவிதை' என்று துணியில் அச்சடித்து மாட்டியிருந்தார்கள்.

வழக்கம்போல் பேசினேன். சிவரமணியின் படிமங்கள், செல்வியின் மௌனம், யுத்த காலத்துத் தனிமனுஷியின் அகம் - நம் பத்திரிகைகளைப் படித்துத் தயாரான ஆளிடம் என்ன எதிர்பார்க்க முடியுமோ அது. முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், அந்தப் புத்தகத்தைப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்டதுன்னு சொன்னீங்க. அது என்ன? அவங்க என்ன செஞ்சாங்க?"

"அந்தக் காலத்து ஒரு அமைப்பு" என்றேன். அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கவிதைகளை ஒளிநகலில் வைத்துக்கொண்டு, இரண்டு கட்டுரைகளும் எழுதியிருக்கிறேன். புத்தகத்தை யார் போட்டார்கள், எங்கே கூடினார்கள், கூடி என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை என்பதைவிட, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உறுத்தியது. இது என் தனிப்பட்ட அசிரத்தை மட்டுமாக இருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. நம் வட்டாரம் முழுவதன் அசிரத்தை இது.

2

தெரிந்ததை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

'சொல்லாத சேதிகள்' 1986ல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. பத்துப் பெண்களின் கவிதைகள். வெளியிட்டது பெண்கள் ஆய்வு வட்டம். தொகுப்பின் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் அப்போது அங்கே பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த சித்ரலேகா மௌனகுரு. யாழ்ப்பாணத்து வளாகம் 1974ல் தொடங்கி, 1979ல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. அதன் வயது அவ்வளவுதான். அதற்குள் வளாகத்தின் உள்ளும் புறமுமாகப் பெண்கள் கூடிப் படிப்பதும் பேசுவதும் எழுதுவதும் தெருவில் இறங்குவதும் ஒரே வாழ்க்கையின் பகுதிகளாக நடந்தன. 1984ல் ராணுவம் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப்போனபோது, தாய்மார் திரண்டு கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைக் கேட்டார்கள். அன்னையர் முன்னணி பிறந்தது அப்படி.

எதிரி அரசாங்கம் மட்டும் என்றிருந்தால் கதை சுலபம். 1986ல் விஜிதரன் என்ற மாணவர், மட்டக்களப்புக்காரர், கடத்தப்பட்டார். கைகாட்டப்பட்டது இயக்கத்தை நோக்கி. வளாகம் உண்ணாவிரதம் இருந்தது, ஊர்வலம் போனது. தன் பக்கத்தவர் என்று சொல்லிக்கொண்டவர்களிடமும் கணக்குக் கேட்டது. 1987 அக்டோபரில் இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் சண்டையிட்டு நுழைந்தது. நம் வரிப்பணத்தில் போன ராணுவம். அதன் கையில் பெண்களுக்கு நேர்ந்தவற்றை அவர்களிடமே உட்கார்ந்து கேட்டு எழுதினார் ரஜனி திரணகம. அவர் உடற்கூற்றியல் துறைத் தலைவர். இலக்கியக்காரர் அல்ல. 'முறிந்த பனை'யில் அவர் எழுதிய அந்தப் பகுதி, நான் படித்த எந்தத் தமிழ்நாட்டு நாவலைவிடவும் என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்தது. போக்கிடமில்லாத பெண்களுக்காகப் 'பூரணி' என்ற இல்லம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. 1989 செப்டம்பர் 21ஆம் தேதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. சுட்டது புலிகள் என்று அவரோடு மனித உரிமைப் பணி செய்தவர்கள் சொன்னார்கள்.

பூரணியில் வேலை செய்தவர்களில் ஒருவர் செல்வி. பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த மாணவி. 'தோழி' என்ற பத்திரிகையும் நடத்தினார். 1991 ஆகஸ்ட் 30 அன்று புலிகள் அவரைப் பிடித்துப்போனார்கள். திரும்பவில்லை. அதே ஆண்டு மே 19 அன்று, அதே பல்கலைக்கழகத்தில் படித்த சிவரமணி கையிலிருந்த தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்து வெளியிட்டதும் அந்தப் பெண்கள் ஆய்வு வட்டம்தான்.

இவ்வளவும் பொதுவில் கிடைக்கும் விவரங்கள். ரகசியம் எதுவுமில்லை. நாம்தான் படிக்கவில்லை.

3

நாம் எதைப் படித்தோம்? எரிந்த காகிதத்தைப் படித்தோம். கவிதையை எரித்துவிட்டுச் சாகும் இளம்பெண்: நவீனத்துவக் கவிதைப் பிரக்ஞைக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்காது. தனிமை, மௌனம், அழிவு, எல்லாம் ஒரே காட்சியில். அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு அஞ்சலிக் கட்டுரைகள் எழுதினோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் தனியாகக் கவிதை எழுதியவள் அல்ல, ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து வாதாடியவள், அந்தக் கூட்டம் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்ட பிறகே அவள் தனியாளானாள் என்பது நம் கட்டுரைகளில் இல்லை. சிவரமணியின் தனிமையை நாம் அகத்தின் இயல்பு என்று படித்தோம். அவருக்கு முன் ரஜனி போய்விட்டார். வளாகத்தில் வாய் திறக்க முடியாத நிலை வந்துவிட்டது. தனிமைக்குத் தேதி இருக்கிறது. காரணம் இருக்கிறது. தேதியும் காரணமும் உள்ள ஒன்றைத் தத்துவமாக மாற்றுவது ரசனை அல்ல, சோம்பேறித்தனம்.

நண்பர் ஒருவர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். "கவிதையைக் கவிதையாகப் பாருங்கள். யார் ஊர்வலம் போனார்கள், யார் இல்லம் நடத்தினார்கள் என்பதெல்லாம் சமூக சேவை. பாராட்டலாம், விமர்சனத்துக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் பிரசாரத்துக்குக் கதவு திறந்த மாதிரி." மதிக்க வேண்டிய வாதம்தான். பிரசாரக் கவிதை நம்மை எவ்வளவு வதைத்தது என்பதை மறப்பதற்கில்லை.

ஆனால் இந்த அளவுகோலை நாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வைப்பதில்லை. சி. சு. செல்லப்பா 'எழுத்து' நடத்தியதையும், புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதையும் எப்படிச் சொல்கிறோம்? இலக்கிய வரலாறு என்று சொல்கிறோம். சரியாகவே சொல்கிறோம். அந்த மூட்டை இல்லாமல் புதுக்கவிதை இல்லை. அச்சகத்தில் கடன் சொன்னது, முகவரி எழுதித் தபால்தலை ஒட்டியது, டீக்கடை பெஞ்சில் விடிய விடியச் சண்டை போட்டது எல்லாம் நம் புராணத்தில் ஏறியாகிவிட்டது. ஆண்கள் கூடினால் இயக்கம். பெண்கள் கூடிப் படித்து, எழுதி, அச்சிட்டு, கூடவே அடிபட்டு வந்தவளுக்குப் படுக்கவும் இடம் கொடுத்தால் அது சமூக சேவை! பெஞ்சு இலக்கியத்துக்குள், பூரணி இலக்கியத்துக்கு வெளியே. எந்த அழகியல் விதிப்படி?

கூட்டம் சேர்ந்தால் குரல் ஒன்றாகிவிடும் என்ற பயத்துக்கும் அந்தத் தொகுப்பே பதில். பத்துப் பேரும் ஒரே மாதிரி எழுதவில்லை. ஒருவர் வீட்டுக்குள் பேசுகிறார், ஒருவர் வாசலில் நின்று, இன்னொருவர் தெருவில். கோஷம் இருக்கும் இடமும் உண்டு, அதைத் தாண்டிய இடமும் உண்டு. ஆணின் குரலையே சற்று மாற்றிப் பேசிக்கொண்டிருந்த பெண் கவிதைக்குத் தன் தொண்டை கிடைத்தது அங்கேதான். அது தனியறையில் கிடைக்கவில்லை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேட்கும் அறையில் கிடைத்தது. 'சுயம்', 'சுயம்' என்று எழுதித் தள்ளும் நாம் சுயம் எங்கே விளைகிறது என்று பார்க்கப் போகவில்லை.

யாழ்ப்பாணத்தைக் கோயிலாக்குவது என் நோக்கமல்ல. அது படித்த நடுத்தர வர்க்கத்தின் வளாகம். அதன் காலம் மிகக் குறுகியது. துப்பாக்கிக்கு முன் தோற்றது. தோற்றதைத் தோற்றது என்றே சொல்ல வேண்டும். ஆனால் எது தோற்றது என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

4

இனி கோலத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டில் மகளிரியல் சும்மா வந்ததல்ல. 1974ல் பெண்களின் நிலை பற்றிய தேசியக் குழு தன் அறிக்கையை முடித்தது. சுதந்திரம் வந்து இருபத்தேழு வருஷமாகியும் பெண்களின் நிலை பல விதங்களில் பின்னால் போயிருக்கிறது என்று அது சொன்னது. படித்தவர்களுக்கு அது ஒரு அறை விழுந்த மாதிரி. அதே ஆண்டு பம்பாயில் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான ஆய்வு மையம் தொடங்கியது. 1984ல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். 1986 கல்விக் கொள்கைக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு பணம் கொடுக்க, மையங்கள் பரவின. கற்பித்தல், ஆய்வு, வெளியே போய்ச் செய்யும் வேலை என்று மூன்றையும் சேர்த்தே அவற்றுக்கு விதித்தார்கள். வளாகத்தின் மதில் எங்கே முடிகிறதோ அங்கே மையத்தின் வேலை பாதி ஆரம்பிக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம்.

அந்த மூன்றாவது வேலை என்ன ஆயிற்று? மார்ச் 8 ஆயிற்று. வெளியே போவதற்குப் பதில் வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை உள்ளே கொண்டுவந்து, சால்வை போர்த்தி, புகைப்படம் எடுத்து, அறிக்கையில் ஒட்டி அனுப்புவது. எல்லா மையங்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். தலைமேல் வேலை செய்யும் பேராசிரியைகளை எனக்குத் தெரியும். அவர்களே சொல்வது: பணியிடம் தற்காலிகம், மானியம் அடுத்த வருஷம் வருமா தெரியாது, விடுதி நேரக் கட்டுப்பாடு பற்றி ஒரு கூட்டம் போட்டால் மேலே கூப்பிட்டு விசாரணை, கோலப் போட்டிக்கு மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கோலம் பாவம். அதன்மீது எனக்குக் கோபமில்லை. யாருக்கும் எந்தச் சங்கடமும் தராத ஒன்றையே தேடித் தேடிப் போடும் ஸ்தாபன புத்தியின் மீதுதான் கோபம். அந்த மையத்தின் துணியில் என் பெயர் ஏன் ஏறியது என்று இப்போது புரிகிறது. படிமம், மௌனம், அகம் என்று பேசுகிறவனாலும் யாருக்கும் சங்கடமில்லை. நானும் ஒரு கோலம். புள்ளி வைக்கத் தெரிந்த கோலம்.

மையம் கவிதையை விட்டது. நாம் வட்டத்தை விட்டோம். இரண்டு பேரும் மார்ச் மாதம் ஒரு மத்தியானம் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டோம்.

5

இதை நான் கூடலூரில் உட்கார்ந்து எழுதுவதற்கும் காரணம் உண்டு. 1948ல் இலங்கை மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று. தேயிலைச் செடியை எண்ணுவதுபோல் ஆட்களை எண்ணினார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968ல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் ஆரம்பித்தது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கமெல்லாம் அந்தத் தோட்டங்கள். இங்கே நாம் ஈழக் கவிதை என்று தனியாக ஒன்றைத் தேடி ஒளிநகலுக்கு அலைகிறோம். அந்தத் தீவிலிருந்து வந்தவர்களின் பேத்திகள் வங்கியில் என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலி இப்போது வங்கிக் கணக்கில் விழுகிறது. முன்னேற்றம்தான். கணக்கு அவள் பெயரில். கட்டைவிரல் ரேகை அவளுடையது. பதிவாகியிருக்கும் கைபேசி எண் கணவனுடையது, அல்லது மகனுடையது, சில கணக்குகளில் மேஸ்திரியுடையது. பணம் வந்த செய்தி அவளைத் தவிர எல்லாருக்கும் போகிறது. சொல்லாத சேதி என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. எத்தனையோ படிவங்களை நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவையும் கேட்டதில்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் போனஸைக் குறைத்தபோது தமிழ்ப் பெண் தொழிலாளிகள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத்து ஆண் தலைவர்களைப் பக்கத்தில் வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, கேட்ட 20 சதவீதத்தையும் வாங்கினார்கள். பட்டம் வாங்காத ஒரு ஆய்வு வட்டம் அது. எத்தனை மகளிர் மையங்கள் மூணாறுக்குப் பஸ் ஏறின? நம் பக்கங்களில் அதற்கு எத்தனை வரி?

அந்த மாணவிக்குப் பதில் எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். அவள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே இதை இங்கே எழுதுகிறேன். நண்பர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமல்ல. இனி சிவரமணியையோ செல்வியையோ பற்றி எழுதினால், அவர்கள் யாரோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அது அடிக்குறிப்பு விஷயம் அல்ல. மகளிர் மையம் உங்களைப் பேச அழைத்தால், மையம் இந்த வருஷம் மதிலுக்கு வெளியே எங்கே போனது என்று முதலில் கேளுங்கள். சால்வைக்கு முன் கேளுங்கள்.

என் பங்குக்கு, ஊர் திரும்பிய வாரம் ஜன்னலில் ஒரு அம்மாவிடம் கேட்டேன்: "இது யார் நம்பர்ம்மா?"

"மேஸ்திரி நம்பருங்க. எங்கிட்ட ஏது போனு? எழுதுங்க தம்பி, வேலைக்கு நேரமாச்சு."

எழுதினேன். அவருக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். அந்தப் பதிலுக்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு ஆள் தனியாகக் கேட்க முடியாது. அதற்கு ஒரு வட்டம் வேண்டும்.